விதையிலிருந்து பாவ்பாவ் மரம்: பழத்தைப் பிளந்த நாள் முதல் காய்ப்பு வரை

செப்டம்பர் பிறந்துவிட்டால் ஒஹாயோ, வர்ஜீனியா, மேரிலாந்து பக்கத்து உழவர் சந்தைகளில் ஏதாவது ஒரு மூலை மேசையில் பாவ்பாவ் வந்து உட்கார்ந்துவிடும். பச்சைத் தோல், அதில் கரும்புள்ளிகள், குட்டை மாங்காய் அளவு. பார்த்தால் வாங்கத் தோன்றாது. பிளந்து ஒரு கரண்டி வாயில் போட்டால் நம்மவர்களுக்கு உடனே ஆள் யாரென்று தெரிந்துவிடும்: சீத்தாப்பழம். கொஞ்சம் வாழைப்பழ வாசனை, கொஞ்சம் மாம்பழம் என்று மேலே என்னென்னவோ இருந்தாலும் அடியில் இருப்பது சீத்தாதான். ஆச்சரியம் இல்லை, இரண்டும் ஒரே குடும்பம். முள்சீத்தா, மனோரஞ்சிதம், பள்ளிக்கூட வளாகங்களில் ஓங்கி நிற்கும் நெட்டிலிங்கம் எல்லாம் அதே அனோனேசியே வகையறா. மற்றவை வெயிலிலேயே தங்கிவிட, பாவ்பாவ் மட்டும் பனி விழும் நாட்டுக்குப் பழகிக்கொண்டது. தாவரவியல் பெயர் அசிமினா ட்ரைலோபா. இலங்கையிலும் ஆஸ்திரேலியாவிலும் பாவ்பாவ் என்று சொல்லப்படும் பப்பாளிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கனடாவின் தெற்கு ஒன்டாரியோ தொடங்கி வட புளோரிடா வரை, மேற்கே நெப்ராஸ்கா வரை, அமெரிக்காவின் 26 மாநிலங்களில் ஆற்றோரக் காடுகளில் தானாக வளர்கிறது. வட அமெரிக்க மண்ணுக்கே உரிய உண்ணும் பழங்களில் இதுதான் பெரிது. 1806 செப்டம்பரில், அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் குழுவினர் மிசௌரி ஆற்று வழியாகத் திரும்பி வரும்போது கையிருப்பு தீர்ந்துபோய், சில நாட்கள் இந்தப் பழத்தைத் தின்றே ஓட்டினார்கள். 2009இல் ஒஹாயோ இதைத் தன் மாநிலத்தின் பூர்விகப் பழமாக அறிவித்தது. இவ்வளவு பெருமை இருந்தும் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது. பழுத்தால் கைபட்டாலே கன்றிப்போகும். அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் தாங்கினால் அதிகம். வேண்டுமென்றால் வீட்டில்தான் வளர்க்க வேண்டும்.

விதையிலிருந்து வளர்க்கும்போது இரண்டே விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அவற்றிலிருந்து வந்துவிடும். ஒன்று, விதை ஒருநாளும் காயக்கூடாது. இரண்டு, வேர் முதலில், செடி ரொம்பப் பிறகு. இந்த இரண்டாவதை அறியாமல் "முளைக்கவே இல்லை" என்று தொட்டி மண்ணைக் குப்பையில் கொட்டுகிறவர்கள் ஏராளம். கொட்டிய மண்ணுக்குள் ஒரு சாண் நீள வேரோடு உயிருள்ள செடி இருந்திருக்கும்.

உங்கள் ஊரில் வருமா?

குளிர்காலத்தில் சுழியத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ் வரை போனாலும் தாங்கும். ஆனால் குளிர் இதற்குத் தேவையும்கூட. ஓய்வுக்காலத்தில் குறைந்தது 400 மணி நேரம் குளிர் கிடைக்காவிட்டால் வசந்தத்தில் சரியாகத் துளிர்க்காது. அதனால் தெற்கு புளோரிடாக்காரர்கள் இதை விட்டுவிட்டுச் சீத்தாவையே வைக்கலாம். கோடையில் நல்ல வெப்பம், உறைபனி இல்லாத நாட்கள் சுமார் 160, இரண்டும் இருந்தால் பழம் முழுதாகப் பழுக்கும். டொராண்டோ, ஸ்கார்பரோ பக்கத்து வீடுகளிலும் வைக்கலாம். அங்கே முதல் உறைபனிக்கு முன் பழுத்தாக வேண்டும் என்பதால் சீக்கிரம் பழுக்கும் ரகங்களின் விதையைத் தேடிப் பிடிப்பது நல்லது. பென்சில்வேனியா கோல்டன், ஒன்டாரியோவிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட என்.சி.-1 ஆகியவை அப்படிப்பட்டவை.

எத்தனை வருடம் ஆகும் என்ற கேள்விக்கு நேர்ப்பதில்: விதை போட்டதிலிருந்து 5 முதல் 8 வருடம். ஒட்டுச்செடி வாங்கினால் 3, 4 வருடம். இரண்டு மரம் தேவை என்பதால் (காரணம் பூவைப் பற்றிச் சொல்லும்போது) என் யோசனை, ஒன்று ஒட்டுச்செடியாகக் கடையில் வாங்குங்கள், மற்றதை விதையிலிருந்து கொண்டு வாருங்கள். இடம் இருப்பவர்கள் நாலைந்து நாற்று வைத்துக்கொண்டு நல்லதாகப் பார்த்துத் தேறியவற்றை வைத்துக்கொள்ளலாம். விதைச் செடியின் பழம் தாய்ப் பழத்தை அப்படியே உரித்து வைத்ததாக இருக்காது. மாங்கொட்டை போட்டு வளர்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனாலும் நல்ல தாயின் பிள்ளைகள் சராசரிக்கு மேலேதான் வரும்.

எந்தப் பழத்தின் விதை?

காட்டுப் பழத்தில் சதை குறைவாகவும் விதை அதிகமாகவும் இருக்கும், சிலது கசக்கும். அதைத் தின்றுவிட்டு விதையைப் பத்திரப்படுத்துவதைவிட, பெயருள்ள ரகத்தின் பழத்தைத் தேடுங்கள். நீல் பீட்டர்சன் என்பவர் பல ஆண்டுகள் பொறுக்கியெடுத்து வெளியிட்ட ரகங்களுக்கு ஆறுகளின் பெயர்: ஷெனன்டோவா, சஸ்குவஹானா, ரப்பஹானக், அலகேனி, பொடோமேக், வாபாஷ். இதில் சஸ்குவஹானா, ஷெனன்டோவா இரண்டிலும் விதை குறைவு, சதை கெட்டி. கென்டக்கி மாநிலப் பல்கலைக்கழகம் 1990 முதல் பாவ்பாவ் ஆராய்ச்சி நடத்துகிறது. அட்வுட், பென்சன், சாப்பல் ஆகியவை அங்கிருந்து வந்தவை. சந்தையில் விற்பவரிடம் என்ன ரகம் என்று கேளுங்கள். பாவ்பாவ் விற்கிறவர் அதைப் பற்றிப் பேசக் காத்துக்கொண்டுதான் இருப்பார். ஒஹாயோவில் ஆல்பனி ஊருக்குப் பக்கத்தில் 1999 முதல் பாவ்பாவ் திருவிழாவே நடக்கிறது. பல ரகங்களை ஒரே இடத்தில் ருசி பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

வெவ்வேறு மரத்துப் பழங்களிலிருந்து விதை எடுங்கள். பூங்காக்களில் பொறுக்குவதானால் அங்கே அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழம் முழுதாகப் பழுத்திருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், அறை முழுக்க வாசனை வர வேண்டும். கல்லாக இருக்கும்போது பறித்தால் பழமும் பழுக்காது, விதையும் முற்றியிருக்காது. தோல் கறுத்த பழத்தைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம், விதைக்கு அதுதான் முதல்தரம்.

விதையைச் சுத்தம் செய்தல்

பழத்தை நீளவாக்கில் பிளந்தால் இரண்டு வரிசையாக விதைகள், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு. பளபளக்கும் பழுப்பு நிறம், இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் நீளம், மொச்சையைத் தட்டையாக்கி நீட்டிவிட்டது போன்ற உருவம். ஒவ்வொன்றையும் சுற்றி வழுவழுப்பான ஒரு பை இருக்கும். அந்தப் பைதான் பூஞ்சணத்துக்கு விருந்து, அதனால் துளியும் விடாமல் எடுத்தாக வேண்டும். இரண்டு நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, பிறகு வடிகட்டி மேல் வைத்து உள்ளங்கையால் தேய்த்தால் கழன்று வரும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் சமையலறையில் குடியிருக்க முடியாது. மிதக்கும் விதைகளைத் தள்ளிவிடலாம்.

அப்புறம் வருகிறது முக்கியமான இடம். நம் வீடுகளில் விதை என்றால் என்ன செய்வோம்? கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் புரட்டி, துணியில் முடிந்து வைப்போம். கத்தரி, வெண்டை, பூசணி எல்லாவற்றுக்கும் அது சரி. இங்கே அதைச் செய்தால் கதை முடிந்தது. அறை வெப்பத்தில் மூன்று நாள் திறந்து வைத்தாலே பாவ்பாவ் விதை செத்துவிடும். பலா, மா, நாவல் கொட்டைகளும் இந்த ஜாதிதான், காய்ந்தால் போச்சு. மோசம் என்னவென்றால், செத்த விதை வெளியே பார்க்க அப்படியே பளபளவென்று இருக்கும். இணையத்தில் உறையில் போட்டு விற்கும் உலர்ந்த பாவ்பாவ் விதையைத் தொடவே தொடாதீர்கள். ஈரப்பாசியோடு, குளிரில் வைத்திருந்து அனுப்புகிறவரிடம் மட்டும் வாங்குங்கள்.

ஆகவே கழுவிய விதையை உலர்த்தாமல், மேலே நிற்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றியெடுத்த கையோடு அடுத்த வேலைக்குப் போய்விட வேண்டும்.

ஃப்ரிட்ஜில் ஒரு குளிர்காலம்

காட்டில் பழம் விழுந்து, இலைச் சருகுக்கு அடியில் குளிர்காலம் முழுக்க ஈரத்தோடு கிடந்துதான் விதை முளைக்கிறது. விதைக்குள் இருக்கும் உறக்கம் அந்த ஈரக் குளிரில்தான் கலையும். அதை நாம் ஃப்ரிட்ஜில் நடத்திக் காட்டுகிறோம்.

ஸ்பாக்னம் பாசி அல்லது பீட் மாஸ் (மட்கிய பாசி) ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் நனைத்து, இறுகப் பிழியுங்கள். பிழிந்த பிறகு கையில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக்கூடாது. சொட்டச்சொட்ட இருந்தால் விதை அழுகும். இதில் விதைகளைக் கலந்து ஜிப்லாக் கவரில் போட்டு, காற்றை ஓரளவு வெளியேற்றி மூடுங்கள். கவர் மேல் ரகத்தின் பெயரும் தேதியும். ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில், சுமார் 5 டிகிரி செல்சியஸில், 100 நாள். 120 ஆனாலும் தப்பில்லை. "இது என்ன அழுகல்?" என்று வீட்டில் யாராவது தூக்கிப் போடாமல் இருக்க, தேதியோடு "விதை, தொடாதே" என்றும் எழுதி வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. குளிர் வேறு, உறைவு வேறு. சுழியத்துக்குக் கீழே 15 டிகிரிக்குப் போனால் உள்ளே இருக்கும் கரு செத்துவிடும். வீட்டு ஃப்ரீசர்கள் அதைவிடக் குளிரானவை. ஃப்ரிட்ஜிலும் உறையும் பெட்டியை ஒட்டிய பின்பக்கத்தைத் தவிருங்கள்.

மாதம் ஒருமுறை கவரைத் திறந்து பாருங்கள். பாசி காய்ந்திருந்தால் இரண்டு சொட்டுத் தெளியுங்கள். வெள்ளைப் பூஞ்சணம் தென்பட்டால் பயப்பட ஒன்றும் இல்லை. விதையைக் கழுவி, பாசியை மாற்றி, மறுபடி மூடிவிடலாம். அமுக்கினால் நசுங்கும் விதையை மட்டும் எறியுங்கள்.

செப்டம்பர் கடைசியில் வைத்தால் ஜனவரி முதல் வாரத்தில் 100 நாள் முடிந்துவிடும். வெளியே பனி கொட்டும்போது அவசரப்பட வேண்டாம். அதே கவரில் அதே குளிரில் ஏப்ரல் வரை இருக்கட்டும். ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு வருடம்கூட உயிரோடு கிடக்கும்.

ஃப்ரிட்ஜில் இடம் இல்லை என்றால் இலையுதிர் காலத்திலேயே வெளியே தோட்டத்தில் விதைத்துவிட்டு, மேலே சருகு போட்டு மூடிவிடலாம். இயற்கை பார்த்துக்கொள்ளும். அணிலும் எலியும் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் சிக்கல். கம்பிவலை அடித்து மூடினால் ஒழிய நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

விதைப்பு: அகலம் வேண்டாம், ஆழம் வேண்டும்

வேர் முதலில் என்று சொன்னேனே, அதன் முழு அர்த்தம் தொட்டி வாங்கும்போதுதான் புரியும். பாவ்பாவ் விதை முளைத்ததும் ஆணிவேரை நேரே கீழே இறக்குகிறது. அந்த வேர் 25 சென்டிமீட்டர் வரை இறங்கிய பிறகுதான் மண்ணுக்கு மேல் தலை தெரியும். சாதாரண நாற்றுத் தட்டில் விதைத்தால், செடி வெளியே வருவதற்குள் வேர் அடியில் முட்டி, சுருண்டு, முறுக்கிக்கொண்டிருக்கும். அப்படிச் சுருண்ட வேர் பிறகு நிமிராது.

அதனால் ஒடுக்கமாக, குறைந்தது 30, 35 சென்டிமீட்டர் ஆழத்தில் தொட்டி வேண்டும். மரக்கன்றுகளுக்கென்றே ட்ரீ பாட் என்ற நெட்டைத் தொட்டிகள் விற்கிறார்கள். வாங்க மனமில்லாதவர்கள் இரண்டு லிட்டர் சோடா பாட்டிலின் கழுத்தை வெட்டி, அடியில் நாலைந்து துளை போட்டுக்கொள்ளலாம். ஆழம் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் ஒரு வருடத்துக்குத் தாங்கும். வெயில் உள்ளே படாமல் வெளிப்பக்கம் கறுப்புத் தாள் சுற்றிவிடுங்கள்.

மண்கலவை தண்ணீரைப் பிடித்துவைக்கவும் வேண்டும், தேக்கவும் கூடாது. பீட் மாஸோடு பெர்லைட் (மண்ணை இளக்கமாக வைக்கும் வெள்ளை எரிமலைக் கல் துகள்), கொஞ்சம் மட்கிய எரு என்பது பழுதில்லாத கலவை. தோட்டத்துக் களிமண்ணை அப்படியே நிரப்ப வேண்டாம். விதையைப் படுக்கை வாக்கில் வைத்து, மேலே இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் மண் வரும்படி மூடி, நீர் விடுங்கள்.

இனி வெப்பம். மண் 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். நாற்றுகளுக்கான வெப்பப் பாய் இருந்தால் அதன் மேல் வையுங்கள். இல்லையென்றால் மே மாத வெயில் வரும்வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம்; குளிர்ந்த மண்ணில் விதை சும்மா கிடக்கும்.

வேர் விட்டதா என்று சந்தேகம் தாங்காதவர்களுக்கு ஒரு வழி உண்டு. குளிர் முடிந்த விதையை அதே ஈரப்பாசிக் கவரோடு வெதுவெதுப்பான இடத்தில், வாட்டர் ஹீட்டர் பக்கத்தில், வைத்து வாரம் ஒருமுறை பாருங்கள். விதையின் ஒரு முனை வெடித்து, தடித்த வேர் முனை எட்டிப் பார்க்கும். ஒரு சென்டிமீட்டர் ஆனதும், வேர் கீழ்நோக்கி இருக்கும்படி தொட்டியில் வையுங்கள். இதற்கு மேல் வளரவிட்டால் எடுக்கும்போது ஒடிந்துவிடும். பாவ்பாவ் வேர் சதைப்பற்றோடு இருந்தாலும் கண்ணாடி மாதிரி முறியும். எத்தனை விதை உயிரோடு இருக்கிறது என்று கணக்கும் தெரியும், வெறும் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையும் மிச்சம்.

காத்திருப்பு

விதைத்து ஆறு முதல் ஒன்பது வாரம் வரை மேலே ஒன்றும் தெரியாது. ஈரம் விடாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர நமக்கு வேலை இல்லை. வெளியே நிலத்தில் விதைத்தவர்கள் ஜூலை, ஆகஸ்ட் வரை பொறுத்திருக்க வேண்டும். தோண்டிப் பார்க்காதீர்கள்.

ஒருநாள் மண் லேசாக விரிசல் விட்டு, வளைந்த கொக்கியாகத் தண்டு மேலே வரும். சில நாற்றுகள் விதை ஓட்டையும் தலையில் தூக்கிக்கொண்டு வரும். அதைப் பிடுங்கி உதவி செய்யத் தோன்றும், வேண்டாம். ஓட்டோடு சேர்ந்து குருத்தும் வந்துவிடும். காய்ந்துபோகாமல் தண்ணீர் மட்டும் தெளித்துவாருங்கள், தானாகக் கழன்று விழும்.

முதல் வருடம்

வளர்ந்த மரத்துக்கு முழு வெயில் வேண்டும், குழந்தைக்கு ஆகாது. காட்டில் பெரிய மரங்களின் நிழலில் முளைத்துப் பழகிய செடி இது. வெளியே நேரடி வெயிலில் வைத்தால் இலை வெளுத்து, கருகி, செடியே போய்விடும். 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, அல்லது காலை வெயில் மட்டும் வரும் கிழக்குச் சுவர் ஓரமாக வையுங்கள். இலை நுனி பழுப்பாகக் கருகினால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

உரம் பெரிதாக வேண்டாம். இரண்டு மூன்று இலை விரிந்த பிறகு, நீரில் கரையும் சமச்சீர் உரத்தைப் பாதி அளவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். ஆகஸ்ட் நடுவில் நிறுத்திவிடுங்கள்.

முதல் வருட முடிவில் செடி ஒரு சாண் இருந்தால் நல்ல வளர்ச்சி. பக்கத்து வீட்டுப் பீச் கன்றைப் பார்த்து மனம் உடையாதீர்கள், இதன் வளர்ச்சி முழுக்கக் கீழே நடந்துகொண்டிருக்கிறது.

குளிர்காலத்தில் இலை கொட்டும். செத்துவிட்டது என்று வீட்டுக்குள் எடுத்துவந்து ஹால் ஜன்னலோரம் வைப்பவர்கள் உண்டு. பாவம், அதற்கு உறக்கம் தேவை. ஆனால் தொட்டியைத் திறந்தவெளியில் பனியில் விடவும் கூடாது. நிலத்து மண் காக்கும் அளவுக்குத் தொட்டி மண் வேரைக் காக்காது. ஹீட்டர் போடாத கராஜ் சரியான இடம். மாதம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர். இல்லையென்றால் தொட்டியோடு தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்து மேலே சருகு குவித்துவிடுங்கள்.

நிலத்தில் நடுதல்

ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆன கன்றை, வசந்தத் தொடக்கத்தில் மொட்டு உப்பும் சமயத்தில், துளிர் விரியும் முன் நடுங்கள். தண்ணீர் தேங்காத இடம் வேண்டும். மண்ணின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 5.5 முதல் 7 வரை இருந்தால் நல்லது. மழைக்குப் பிறகு ஒருநாள் கழித்தும் குட்டையாக நிற்கும் இடமென்றால் மேடு கட்டி நடலாம். மரத்துக்கு மரம் இரண்டரை, மூன்று மீட்டர்.

குழி தொட்டியின் ஆழத்துக்கு இருந்தால் போதும், அகலம் தாராளமாக இருக்கட்டும். முக்கியம், வேர்ப்பந்து உடையாமல் இறக்குவது. தொட்டியைக் கவிழ்த்துத் தட்டுவதைவிட, பக்கவாட்டில் கத்தரியால் வெட்டிப் பிரித்துவிடுங்கள். பாட்டில் தொட்டி என்றால் அது இன்னும் சுலபம். மண் கழுவிய வெறும் வேரோடு நட்டால் இந்த மரம் பிழைப்பது சிரமம். காட்டிலிருந்து கன்று பிடுங்கி வருவதும் இதே காரணத்தால்தான் வீண். அங்கே கன்று என்று நாம் நினைப்பது பெரும்பாலும் தாய்மர வேரிலிருந்து கிளம்பிய பக்கக் கன்று, அதற்குச் சொந்த வேரே சரியாக இருக்காது.

நட்ட பிறகு ஒரு சாண் கனத்துக்கு மூடாக்கு. மரத்தூளோ சருகோ, தண்டை ஒட்டாமல். முதல் ஒன்று, இரண்டு வருடத்துக்கு மேற்கு வெயில் படாமல் நாலு குச்சி நட்டு நிழல்வலை கட்டுங்கள். அப்புறம் வலையை எடுத்துவிடலாம். நிழலிலேயே விட்டாலும் மரம் வளரும். பழம்தான் அரைகுறையாக வரும்.

நிலத்தில் முதல் இரண்டு வருடம் அசையாது, அதற்குப் பிறகு வேகம் எடுக்கும். கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர், வசந்தத்தில் மட்கிய எரு, அடியில் புல் அண்டாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான்.

பூச்சித் தொல்லையும் குறைவு. இலையின் வாடை மான்களுக்கே பிடிக்காது; ஆனால் ஆண் மான்கள் கொம்பைத் தேய்த்து இளம் பட்டையை உரித்துவிடும், கம்பிவலை சுற்றுங்கள். இலையைக் கடித்த புழு கண்ணில் பட்டால் மருந்தைத் தேடி ஓடாதீர்கள். வரிக்குதிரைக் கோடுகளும் நீண்ட வாலும் கொண்ட ஸீப்ரா ஸ்வாலோடெயில் பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கலாம். பாவ்பாவ் இனத்து இலையைத் தவிர அந்தப் புழுவுக்கு வேறு சாப்பாடு கிடையாது. சில இலைகள் போனால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

பூ வந்தது, காய் ஏன் வரவில்லை?

ஆள் உயரம் தாண்டியதும் ஒரு வசந்தத்தில், இலை விரிவதற்கு முன்பே, கவிழ்ந்த கருஞ்சிவப்புப் பூக்கள் தொங்கும். மூக்கருகே கொண்டுபோனால் லேசாக இறைச்சி கெட்ட வாடை. தேனீ எட்டிப் பார்க்காது. ஈக்களும் சிறு வண்டுகளும்தான் தூது போகின்றன. அவை ஒன்றும் அக்கறையான வேலைக்காரர்கள் அல்ல.

இன்னும் இரண்டு தடைகள். ஒரே பூவில் பெண்பாகம் முதலில் தயாராகிறது, அது முடிந்த பிறகே மகரந்தம் உதிர்கிறது. தவிர, பெரும்பாலான மரங்கள் தன் மகரந்தத்தையே ஏற்பதில்லை. எனவே மரபணுவில் வேறுபட்ட இரண்டு மரம் வேண்டும். ஒரு காட்டுத் தோப்பில் நூறு தண்டு நின்றும் ஒரு காய் இல்லாமல் இருப்பதன் ரகசியம் இதுதான்: நூறும் ஒரே வேரின் பக்கக் கன்றுகள், அதாவது ஒரே மரம். விதையிலிருந்து வளர்த்தவர்களுக்கு இங்கே ஒரு லாபம். ஒவ்வொரு விதைச் செடியும் தனி மரம் என்பதால் ஜோடி தேடி அலைய வேண்டாம்.

காய் பிடிக்காவிட்டால் கையால் மகரந்தம் சேர்க்கலாம். சிறு ஓவியத் தூரிகை ஒன்று போதும். புதிதாக விரிந்து, இதழ் இன்னும் பச்சைக் கலப்போடு, நடுவே சூலக முடிகள் ஈரமாக மினுங்கும் பூ பெண் நிலையில் இருக்கிறது. இதழ் நன்றாகக் கருஞ்சிவப்பாகி, நடுவிலுள்ள உருண்டை பழுப்பாகித் தளர்ந்து, தொட்டால் மஞ்சள் தூள் உதிரும் பூ ஆண் நிலை. ஆண் நிலைப் பூவுக்கு அடியில் ஒரு சிறு கிண்ணத்தைப் பிடித்துத் தட்டி மகரந்தத்தைச் சேகரித்து, தூரிகையால் அடுத்த மரத்தின் பெண் நிலைப் பூக்களில் தடவுங்கள். காலையில் வெயில் ஏறும் முன் செய்யலாம். ஒரு பூவில் பல சூலகங்கள் இருப்பதால் ஒரே காம்பில் கொத்தாகக் காய்க்கும். ஆசைப்பட்டு எல்லாப் பூவிலும் தடவினால் கிளை முறியும். இளம் மரத்தில் கொத்துக்கு இரண்டு மூன்று விட்டு மற்றதைச் சிறிதாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள்.

பழத்தின் ருசி பிடிக்கவில்லை என்றால் ஒட்டு

விதைச் செடி காய்த்து, ருசி சுமார் என்று தெரிந்தால் மரத்தை வெட்ட வேண்டியதில்லை. அதுவே வேர்ச்செடி, அதாவது ஒட்டைத் தாங்கும் அடிமரம். குளிர்காலக் கடைசியில் நல்ல ரகத்தின் குச்சியை வெட்டி ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, மரம் துளிர்க்கத் தொடங்கியதும் ஒட்டுக்கட்டலாம். பாவ்பாவ் ஒட்டு லேசில் பிடிக்கும். பென்சில் கனம் வந்த இரண்டு, மூன்று வயதுக் கன்றிலேயே செய்பவர்களும் உண்டு. எனக்கென்னவோ ஒரு கன்றையாவது ஒட்டாமல் விட்டு, அதன் சொந்தப் பழம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதில்தான் விருப்பம்.

பறிப்பதும் சாப்பிடுவதும்

ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை பழுக்கும். நிறத்தை நம்ப வேண்டாம், பல ரகங்கள் பழுத்தும் பச்சையாகவே இருக்கும். லேசாக அழுத்திப் பாருங்கள், நெகிழ்ந்தால் பறிக்கலாம். இலேசாக நெகிழ்ந்த நிலையில் பறித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று வாரம் வரை இருக்கும், வெளியே எடுத்து வைத்தால் பழுக்கும்.

தோலையும் விதையையும் சாப்பிடக் கூடாது. மிக்சியில் தவறி ஒரு விதை விழுந்து அரைபட்டால் அந்தக் கூழை அப்படியே கொட்டிவிடுங்கள். பழத்தில் அனோனாசின் என்ற பொருள் இருக்கிறது. அளவு மிஞ்சினால் நரம்புக்கு ஆகாது என்ற கவலை ஆராய்ச்சியாளர்களுக்கு உண்டு. சீசனில் ஒன்று, இரண்டு என்று ருசிப்பதற்கும் தினம் கிலோ கணக்கில் தின்பதற்கும் வித்தியாசம் உண்டு. சிலருக்குக் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிற்றைப் புரட்டும், அதனால் முதல் முறை இரண்டு கரண்டியோடு நிறுத்திப் பாருங்கள். வற்றல் போடுவது, அடை தட்டிக் காயவைப்பது வேண்டவே வேண்டாம். உலர்த்திய பாவ்பாவ் பலரை வாந்தியில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. சூடு பட்டால் வாசனையும் ஓடிவிடும், ஆகவே அல்வா கிளறும் யோசனையையும் விட்டுவிடலாம். ஆறவைத்த பாலில் சர்க்கரை சேர்த்துக் கூழைக் கலந்து, சீத்தாப்பழப் பாசந்தி செய்யும் முறையில் குளிரவைத்துச் சாப்பிடுவது எனக்குத் தெரிந்து இதற்குச் சரியான மரியாதை. ஐஸ்கிரீமுக்கும் ஏற்றது.

அதிகம் காய்த்த வருடத்தில் கூழை வழித்து ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. அடுத்த நாற்றுக்கு விதை வேண்டுமானால் உறையவைப்பதற்கு முன்பே எடுத்துக் கழுவி ஈரப்பாசியில் போட்டுவிடுங்கள்.